சுட்ட கனெக்டரைச் சரிசெய்த விதம்

என் மாதிரி விமானம் தரையிறங்கியபின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை விமானத்துடன் இணைக்கும் எக்ஸ்டி60 கனெக்டர் தொட முடியாதபடி சுட்டது. மோட்டாரோ இளஞ்சூடாகவே இருந்தது. இணைப்பை மூடியிருந்த, சூட்டில் சுருங்கும் காப்புக் குழாயை அறுத்துப் பார்த்தபோது, நேர்முனையின் பற்றவைப்பு மங்கிப் பிளவுபட்டிருந்தது. இப்படிப்பட்ட இணைப்பில் 5 மில்லி ஓம் தடை இருந்தால் அது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 40 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரே இடத்தில் 8 வாட் வெப்பம் உண்டாகும்.

பேட்டரி வயர்களில் எப்போதும் மின்னழுத்தம் இருப்பதால், இரண்டையும் ஒருசேர வெட்டாமல், ஒன்றைப் பற்றவைத்துக் காப்புக் குழாய் இட்ட பிறகே மற்றதைத் தொட்டேன். இந்த வரிசையை எவரும் மீறக் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் இளகி முனைகள் சாயாதிருக்க, பின்புறம் காப்பு நாடா சுற்றிய வெற்றுக் கனெக்டர் ஒன்றை எதிரில் செருகி வைத்தேன். இப்போது முழு வேகத்தில் பறந்து இறங்கிய பின்னும் அந்த இணைப்பு கைபொறுக்கும் சூட்டிலேயே இருக்கிறது.