அத்தையின் மூன்று பில்கள்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டன் வந்து இறங்கிய முதல் மாதம் வீடு பார்ப்பது, வங்கிக் கணக்கு, நேஷனல் இன்சூரன்ஸ் எண் என்று ஓடிவிடும். அந்த ஓட்டத்தில் ஒன்றை மறந்துவிடுகிறோம். ஊரில் பெரியவர்கள் வீட்டு டிவிக்கும் நெட்டுக்கும் இதுவரை ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தது நாம்தான். நம்முடைய இந்திய சிம் இங்கே ஏதோ ஒரு டிராயரில் கிடக்கும்; "பேக் முடியப் போகிறது" என்ற எஸ்எம்எஸ் அதற்குத்தான் போகும்.

எனக்கு மூன்றாவது வாரத்தில் நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியிலிருந்து அழைப்பு வந்தது. "டிவி வரலே கண்ணு. நீ போனே, அதுவும் போயிருச்சு" என்றார் அத்தை. மாமா இறந்து இரண்டு வருடம். வீட்டில் அத்தை தனிதான், வருமானம் குடும்ப ஓய்வூதியம் மட்டும். சரி, ரீசார்ஜ் போடுவோம் என்று வீடியோ காலில் பில்லைக் காட்டச் சொன்னேன்.

"எந்த பில்லு? மூணு இருக்குதே."

இருந்தது. கூரை மேல் டிடிஎச் டிஷ், மாதம் 412 ரூபாய். மழையில் அது நின்றுபோகிறது என்று மாமா எடுத்து வைத்த கேபிள் இணைப்பு, 230. அப்புறம் 100 எம்பிபிஎஸ் வேக பிராட்பேண்ட், 699-உம் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 825. மொத்தம் 1,467 ரூபாய், ஒரே ஓர் ஆளுக்கு. மலிவான பிளான் எது என்று தேடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். பெரியவர்கள் வீட்டில் பணம் போவது பெரும்பாலும் விலை கூடுதலால் அல்ல, ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை கட்டுவதால்.

"உங்களுக்கு எந்தச் சேனல் வேணும்?" என்று கேட்காதீர்கள். "எல்லாம்தான் பாப்பேன்" என்ற பதில்தான் வரும். நான் ஒரு வாரம் தினமும் "நேத்து என்ன பாத்தீங்க அத்தை?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். காலையில் பக்தி, மதியம் பழைய படம், சாயங்காலம் சீரியல், ராத்திரி செய்தி. ஐந்து சேனலுக்கு மேல் தேறவில்லை. டிடிஎச் பேக்கிலோ ஆங்கிலப் படச் சேனல்கள், எச்டி சேனல்கள், மாமா கிரிக்கெட்டுக்காகப் போட்ட விளையாட்டுத் தொகுப்பு என்று ஒரு பட்டாளமே இருந்தது.

விளையாட்டுச் சேனல்களை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மேட்ச் ஓடுனா வீட்டுல ஆள் இருக்கற மாதிரி இருக்கும்" என்றார். சரி, தமிழ் வர்ணனை வரும் ஒரு சேனலை மட்டும் கேபிளில் தனியாகச் சேர்த்துக்கொண்டோம். இதற்கு டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி கைகொடுக்கும்: எந்தச் சேனலையும் தொகுப்பாக அல்லாமல் தனியாக வாங்க நமக்கு உரிமை உண்டு. மாத விலை 19 ரூபாய்க்கு மேல் வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்க முடியாது என்பதால், முக்கியச் சேனல்கள் பெரும்பாலும் அந்த விலைக்குள்தான் இருக்கும். அடிப்படைக் கட்டணத்துக்கு முன்பு 200 சேனல் வரை 130 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது. 2024-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் விலையை நம்பாமல், உங்கள் ஆபரேட்டரிடம் அடிப்படை எவ்வளவு, சேனல்களுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

டிடிஎச்சா, கேபிளா? சமவெளியில் இது வெறும் விலைக் கேள்வி. நீலகிரியில் மழையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். டிடிஎச் சிக்னல் கனமழையில் மங்கிவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் தொடங்கி தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழைதான் பெரிது. குன்னூர்ப் பக்கமென்றால் குரங்கையும் கணக்கில் சேருங்கள். டிஷ் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு விரல்கடை திருப்பினாலும் படம் போய்விடும். கேபிளுக்கும் தொல்லை உண்டு, மரம் சாய்ந்தால் வயர் அறுந்துவிடும். ஆனால் அத்தை வீட்டுக்குக் கேபிள்காரத் தம்பி அன்று சாயங்காலமே ஏணியோடு வந்துவிடுவான். டிடிஎச் ஆள் ஊட்டியிலிருந்து வர மூன்று நாள். எனவே டிஷ்ஷை நிறுத்தினோம். மாதம் ஐம்பது ரூபாய் கூடினாலும், கூப்பிட்டால் வருகிற ஆள் இருக்கிற இணைப்பையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. கேபிள் எட்டாத எஸ்டேட் லைன் வீடுகளுக்கு டிடிஎச் தவிர வழியில்லை. அங்கே பேக்கைக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாதக் கட்டணமே இல்லாத, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் பற்றியும் சொல்வார்கள். டிடி தமிழ் வரும், ஆனால் சீரியல் பார்க்கும் பெரியவருக்கு அதில் தமிழ்த் தனியார் சேனல்கள் போதாது.

பிராட்பேண்டில்தான் பெரிய மிச்சம். தெளிவான படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும், வீடியோ காலுக்கு அதைவிடக் குறைவு. தனி ஆளுக்கு 30 எம்பிபிஎஸ்ஸே தாராளம். 399 ரூபாய் பிளான், வரியோடு 471. இப்படி மொத்தம் 1,467 இருந்தது 701 ஆனது. அந்த ஒரு விளையாட்டுச் சேனலுக்கு இருபது சொச்சம் தனி. மிச்சமான எழுநூற்றுச் சொச்சம் இங்கே லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பிரியாணிக்கே சரியாகப் போய்விடும். கோத்தகிரியில் அத்தைக்கு அது ஒரு மாத மாத்திரைச் செலவு.

ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய செம்புக்கம்பி லேண்ட்லைன் கரண்ட் போனாலும் வேலை செய்யும்; ஃபைபரில் வரும் போன் செய்யாது. மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ரவுட்டருக்கு ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கி வைத்துவிடுங்கள்.

மொபைலையும் பாருங்கள். 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். வீட்டில் வைஃபை இருக்கும்போது தினமும் 2 ஜிபி எதற்கு? பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையில் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

நெட் வந்ததும் "எல்லாம் யூடியூப்பில் இருக்கிறதே, கேபிள் எதற்கு?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூப்பில் இலவசமாக நேரலையில் ஓடுவது உண்மைதான். டிவியில் செருகி யூடியூப் பார்க்கிற ஒரு ஸ்டிக் வாங்கி அனுப்பினேன். இப்போது அத்தையிடம் மூன்று ரிமோட், மூன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்ட். ஒரு நாள் 'சோர்ஸ்' பட்டனை அழுத்திவிட்டார், திரை நீலமாகிவிட்டது. இரண்டு நாள் டிவி இல்லை. வந்த மெக்கானிக் அதே பட்டனை இன்னொரு தடவை அழுத்திவிட்டு 300 ரூபாய் வாங்கிப் போனார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி அந்தப் பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னேன். ஸ்டிக் இப்போது பீரோவில்.

எல்லா இணைப்பிலும் பதிவு செய்த மொபைல் எண்ணைப் பெரியவரின் எண்ணுக்கே மாற்றிவிடுங்கள். ஓடிபி அவருக்கு வரும், அவர் உங்களுக்குப் படித்துக் காட்டலாம். வேறு யாருக்கும் படிக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். "உங்க டிவி நிக்கப் போகுது, இந்த ஆப்பை இறக்குங்க" என்று வருகிற அழைப்புகள் வயதானவர்களைக் குறிவைத்தே வருகின்றன. பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் குற்றப் புகார் எண் 1930. அதைக் காலண்டரில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இங்கிருந்து நீங்களே கட்ட, ஊரிலுள்ள உங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். வெளிநாடு வந்தபின் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். பிரிட்டன், சிங்கப்பூர், அமீரகம், கனடா உள்ளிட்ட சில நாட்டு மொபைல் எண்களை என்ஆர்ஓ கணக்கோடு அல்லது என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டு வைக்கும்) கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023-இல் அனுமதி கொடுத்தார்கள். உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அத்தை பார்க்கும் சீரியலை நாமும் இங்கே ஆப்பில், டிவியில் ஓடும் அதே நேரத்தில் நேரலையாகப் பார்த்தால் டிவி லைசென்ஸ் (டிவி பார்க்க இங்கே கட்டணம் கட்டி வாங்கும் உரிமம்) வேண்டும். தமிழ்ச் சேனல்தானே என்ற சலுகையெல்லாம் கிடையாது.

அப்புறம், பேக் மாற்றியதும் எல்லாம் வருகிறதா என்று கேட்க ஊர் நேரம் ராத்திரி எட்டு மணிக்கு அழைக்காதீர்கள். குளிர்காலத்தில் அது இங்கே மதியம் இரண்டரை. நமக்கு ஓய்வான நேரம், அத்தைக்கு சீரியல் நேரம். நான் அழைத்தேன். எடுத்தார். "விளம்பரம் போடட்டும், நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.