ஃபைல் ஏற்ற இலவச மென்பொருள்: இணைப்பு அறுந்தால் என்ன செய்கிறது என்று பார்த்து எடுங்கள்

பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஒரு வலைத்தளத்தில் ஏற்றி வைப்பது என் பொழுதுபோக்கு. இதழுக்கு எண்பது பக்கம். பக்கத்துக்கு ஒரு பெரிய படம், ஒரு குட்டிப் படம். மாத இதழ் என்றால் ஒரு வருடத் தொகுப்புக்கே 1,920 ஃபைல் ஆகிவிடும். ஒருமுறை அப்படி ஒரு தொகுப்பை இரவில் ஏற்றப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் 'முடிந்தது' என்று திரை சொன்னது, நானும் நம்பினேன். மூன்று மாதம் கழித்து ஒரு வாசகர், "ஆகஸ்ட் இதழில் 43ஆம் பக்கத்துக்கு அப்புறம் ஒன்றுமே தெரியவில்லையே" என்று எழுதினார். போய்ப் பார்த்தால் ஃபைல் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன, அளவு மட்டும் பூஜ்யம். ராத்திரி இணைப்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. அந்த மென்பொருளோ சர்வரில் பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்த ஃபைலுக்கு நகர்ந்திருக்கிறது.

அதிலிருந்து எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பாதியில் அறுந்தால் இது என்ன செய்யும், அதை என்னிடம் சொல்லுமா?

ஆனால் மென்பொருளைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் ஹோஸ்டிங் கணக்கில் (தளத்தை வைத்திருக்க இடம் தரும் நிறுவனத்தில் உள்ள கணக்கு) ஃபைல் ஏற்ற எந்த வழி திறந்திருக்கிறது என்று பாருங்கள். எஃப்டிபி (FTP) என்பது கணினிகளுக்கிடையே ஃபைல் அனுப்ப 1971இல் பிறந்த நெறிமுறை. இன்று புழங்கும் அதன் வடிவம் 1985இல் எழுதப்பட்டது. அதில் உங்கள் பாஸ்வேர்டு மறைப்பு ஏதும் இல்லாமல் அப்படியே கம்பியில் போகும். நடுவில் இருப்பவர் படிக்கலாம். பிரவுசர்களே அதைக் கைகழுவிவிட்டன: ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டும் 2021இல் எஃப்டிபி ஆதரவை நீக்கின. அதே எஃப்டிபிக்கு டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பூட்டுப் போட்டால் அது எஃப்டிபிஎஸ் (FTPS). எஸ்எஃப்டிபி (SFTP) என்பது பெயரில்தான் உறவு. அது எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் மறைப்போடு நுழையும் முறை) வழியாக நடக்கும் வேறொரு நெறிமுறை. 'எஸ்' முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று நானே பல தடவை குழம்பியிருக்கிறேன். போர்ட் எண்ணை (சர்வரில் நுழையும் வாசலின் எண்) வைத்து நினைவில் கொள்வது சுலபம். 22 என்றால் எஸ்எஃப்டிபி. 21 என்றால் எஃப்டிபி, அல்லது அதன் மேல் டிஎல்எஸ். 990 என்றால் பழைய பாணி எஃப்டிபிஎஸ்.

எஸ்எஃப்டிபி கிடைத்தால் அதையே எடுங்கள். எல்லாம் ஒரே இணைப்பில் ஓடுவதால் ஃபைர்வால் தொல்லையும் குறைவு. எஃப்டிபியில் கட்டளைக்கு ஒரு இணைப்பு, தரவுக்கு இன்னொன்று. உள்ளே நுழைந்துவிட்டு, ஃபைல் பட்டியல் மட்டும் வராமல் தொங்கிக்கொண்டு நின்றால் அந்த இரண்டாவது இணைப்புதான் எங்கோ தடுக்கப்படுகிறது. பேசிவ் மோடுக்கு (இரண்டாவது இணைப்பையும் உங்கள் கணினியே தொடங்கும் முறை) மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆக, எஸ்எஃப்டிபி தெரியாத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள். முப்பது நாள் கழித்துக் கல்லாப் பெட்டியைத் திறக்கிற 'இலவச'ங்களையும் அதோடு சேர்த்துத் தள்ளலாம்.

இந்தச் சல்லடையில் சலித்தால் என் கையில் மிஞ்சுபவை ஃபைல்ஜில்லா, வின்எஸ்சிபி, சைபர்டக் மூன்றும்தான். மூன்றும் திறமூல மென்பொருள்கள். கட்டளைத் திரைக்கு அஞ்சாதவர்களுக்கு எல்எஃப்டிபி, ஆர்சிங்க் இரண்டும் உண்டு.

ஃபைல்ஜில்லா 2001இல் தொடங்கியது; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் சர்வர், இழுத்துப் போட வேண்டியதுதான். எனக்குப் பிடித்தது கீழே இருக்கும் மூன்று தாவல்கள்: வரிசையில் நிற்பவை, தோற்றவை, வென்றவை. தோற்றவை தனியாகக் கண் முன்னால் கிடக்கும். ரைட் கிளிக் செய்து எல்லாவற்றையும் மறுபடி வரிசையில் தள்ளிவிடலாம். இரண்டு பக்க ஃபோல்டர்களையும் அளவை வைத்து ஒப்பிட்டு, வித்தியாசப்படுவதை வண்ணமிட்டுக் காட்டும் வசதியும் இருக்கிறது. என்னுடைய பூஜ்யங்களை அன்றே காட்டிக்கொடுத்திருக்கும்.

அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, விண்டோஸ் இன்ஸ்டாலரோடு சம்பந்தமில்லாத வேறு மென்பொருளையும் சேர்த்து நிறுவச் சொல்லும் வடிவம் ஒன்று உண்டு. டவுன்லோட் பக்கத்திலேயே மற்ற தெரிவுகளைத் திறந்தால் அந்த ஒட்டுண்ணி இல்லாத வடிவம் கிடைக்கும். இரண்டாவது, சேமித்த பாஸ்வேர்டுகள். அவற்றையெல்லாம் சேர்த்துப் பூட்டும் மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றை வைக்காவிட்டால் அவை ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் பேஸ்64 உருவில் இருக்கும். பார்க்கப் பூட்டு மாதிரி தெரியும், யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். அமைப்புகளுக்குள் போய் மாஸ்டர் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுத்தான் முதல் தளத்தைச் சேமிக்க வேண்டும்.

வின்எஸ்சிபி விண்டோஸுக்கு மட்டும். விண்டோஸில் வேலை செய்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான், காரணம் ஒரு சின்ன விஷயம். எஸ்எஃப்டிபியில் 100 கேபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்றும்போது முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதும்; முழுதும் போய்ச் சேர்ந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றும். நடுவில் அறுந்தால் அரைகுறை ஃபைல் உங்கள் தளத்தில் நல்ல ஃபைல் வேடத்தில் உட்காராது. ஒரு ஃபோல்டரைக் கண்காணித்து, மாறுகிற ஃபைலை உடனுக்குடன் மேலே அனுப்பும் ஏற்பாடும் அதில் உண்டு. இதிலும் மாஸ்டர் பாஸ்வேர்டு இருக்கிறது, இதிலும் நீங்களாகத்தான் இயக்க வேண்டும்.

சைபர்டக் மேக்காரர்களுக்குப் பிடிக்கும், விண்டோஸிலும் ஓடும். ஒரே பலகம்தான், கணினிப் பக்கம் தனியாகத் தெரியாது. மேக்கில் பாஸ்வேர்டைக் கீசெயினில் (மேக்கின் சொந்தப் பாஸ்வேர்டுப் பெட்டகம்) வைக்கிறது, அது நல்லது. அவ்வப்போது நன்கொடை கேட்கும். கேட்கட்டும், உழைப்பவர்கள் கேட்பதில் என்ன தப்பு?

லினக்ஸில் நாலைந்து ஃபைல்தான் என்றால் தனி மென்பொருளே வேண்டாம், ஃபைல் மேனேஜரிலேயே எஸ்எஃப்டிபி முகவரியைக் கொடுத்துத் திறக்கலாம். ஆயிரக்கணக்கில் என்றால் ஒரு ஃபோல்டரை அப்படியே பிரதி எடுக்கும் எல்எஃப்டிபியின் மிரர் கட்டளையைத் தலைகீழ்த் திசையில், அதாவது கணினியிலிருந்து சர்வருக்கு, ஓடவிடுங்கள். இணைப்பு அறுந்தால் தானாகவே மறுபடி இணைந்து தொடரும். எஸ்எஸ்எச் அனுமதி இருந்தால் ஆர்சிங்க் இன்னும் மேல். மாறியதை மட்டும் அனுப்பும்.

எதை நிறுவினாலும் நிஜ வேலையைக் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம் அதைச் சோதியுங்கள். சர்வரில் சோதனைக்கென்று ஒரு ஃபோல்டர். கணினியில் இருநூறு சின்னப் படம், ஒரு பெரிய வீடியோ, தமிழில் பெயர் வைத்த ஒரு ஃபைல், பெயரில் இடைவெளி உள்ள ஒன்று. ஏற்ற ஆரம்பித்து, பாதியில் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். தானாகத் தொடர்கிறதா? எவை தோற்றன என்று பட்டியல் தருகிறதா? தமிழ்ப் பெயர் தமிழாகவே போய்ச் சேர்ந்ததா, கட்டம் கட்டமாகவா? இருநூறுக்கு இருநூறு, அளவும் சரி என்றால் அந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் பழகிவிடும். 'இதே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது, என்ன செய்ய?' என்று பெட்டி ஒன்று வரும். சோம்பேறித்தனமாக 'தவிர்' என்று கொடுத்தால் பூஜ்ய ஃபைல் பூஜ்யமாகவே கிடக்கும், ஏனென்றால் பெயர்தான் இருக்கிறதே! 'தொடர்' என்பது அறுந்த அதே ஃபைலை ஏற்றுவதற்கு மட்டும் சரி. நடுவில் நீங்கள் ஃபைலைத் திருத்தியிருந்தால் பழைய தலையில் புது வாலை ஒட்டிவிடும். படம் பாதிக்குமேல் கந்தலாகத் தெரிந்தால் இதுவும் ஒரு காரணம். அறுந்த வேலையைத் திரும்ப ஓட்டும்போது நான் கொடுப்பது 'அளவு வேறானால் மேலெழுது'. திருத்திய பிறகு அளவு தற்செயலாக ஒன்றாக இருந்துவிடலாம் என்பதால், திருத்தியவற்றுக்கு மட்டும் தேதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன்.

வேகம் போதவில்லை என்று ஒரே நேரத்தில் பத்து ஃபைலை ஏற்றச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். ஃபைல்ஜில்லா இயல்பாக இரண்டு வைத்திருக்கிறது. மூன்று நான்கு வரை கூட்டிப் பாருங்கள். சர்வர் 421 என்று ஆரம்பிக்கும் பிழையைத் துப்பினால் உங்கள் இணைப்புகள் அதிகமாகிவிட்டன என்று கொள்ளலாம். குட்டிப் படங்கள் மெதுவாகப் போவதற்குக் காரணம் அளவு அல்ல. ஒவ்வொரு ஃபைலுக்கும் திறப்பதும் மூடுவதுமாகவே நேரம் போகிறது. நான் இப்போது குட்டிப் படங்களை மட்டும் ஒரே ஜிப்பாகக் கட்டி ஏற்றி, ஹோஸ்டிங் பலகையின் ஃபைல் மேனேஜரில் அங்கேயே பிரித்துவிடுகிறேன்.

படம் முழு அளவில் போய்ச் சேர்ந்தும் தளத்தில் தெரியவில்லையா? மென்பொருளைத் திட்டாதீர்கள். பெரும்பாலான சர்வர்களில் ஓடுவது லினக்ஸ். அதற்கு ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருந்தால் ஒரு ஃபைல், சின்ன எழுத்தில் இருந்தால் இன்னொரு ஃபைல். என் ஸ்கேனர் பெரிய எழுத்தில்தான் பெயர் வைக்கும், வலைப்பக்கத்தில் நான் சின்ன எழுத்தில் எழுதியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போயிற்று.

டவுன்லோடை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 2014இல் ஃபைல்ஜில்லா போலவே நடந்துகொண்டு, கூடவே பாஸ்வேர்டைத் திருடி அனுப்பும் போலிப் பதிப்புகள் உலவுவதாக வைரஸ் தடுப்பு நிறுவனமான அவாஸ்ட் எச்சரித்தது. நிறுவிய பின் எஸ்எஃப்டிபியில் முதல் தடவை நுழையும்போது சர்வரின் கைரேகை என்று ஒரு நீண்ட எழுத்துக் கோவை வரும். ஹோஸ்டிங் பக்கத்தில் அது கொடுக்கப்பட்டிருந்தால் ஒப்பிட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள் 'கைரேகை மாறிவிட்டது' என்றால் அங்கேயே நிறுத்தி, ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டுவிட்டுத்தான் பாஸ்வேர்டு.

இப்போது என் மேஜையில் பகலில் வின்எஸ்சிபி, தொகுப்பு பெரிதாக இருந்தால் ராத்திரியில் எல்எஃப்டிபி. 'முடிந்தது' என்று எது சொன்னாலும், காலையில் சர்வர் பக்கத்து அளவுப் பத்தியின் தலைப்பை ஒரு தடவை சொடுக்குவேன். சின்னது முதலில் வரும்படி வரிசை மாறும். பூஜ்யம் ஏதாவது இருந்தால் முதல் வரியிலேயே வந்து நிற்கும்.