நைரோபியில் வேலைக்குச் செல்ல: சொந்தக் காரா, செயலி டாக்சியா?

கென்யத் தலைநகர் நைரோபியின் நகர மையத்துக்கு நாள்தோறும் காரில் செல்பவர்கள், ஒரு பக்கம் பார்க்கிங் கட்டணத்தையும் மறுபக்கம் ஊபர், போல்ட் போன்ற டாக்சிச் செயலிகள் காட்டும் கட்டணத்தையும் வைத்துப் பார்த்து, கார்தான் மலிவு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெட்ரோலும் காப்பீடும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

முதலில், டாக்சிக்கு மாறினால் காரை விற்பீர்களா என்பதை முடிவு செய்யுங்கள். காப்பீடு, கடன் தவணை, ஆண்டுதோறும் குறையும் காரின் மதிப்பு ஆகியவை, கார் வீட்டில் சும்மா நின்றாலும் செலவாகிக்கொண்டே இருக்கும்; ஆகவே குடும்பத்துக்காகக் காரை வைத்துக்கொள்வதாக இருந்தால், அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். காப்பீடு, தவணை போன்ற நிலைச்செலவு மாதம் 20,000 ஷில்லிங், பெட்ரோலும் பார்க்கிங்கும் சேர்ந்து நாளுக்கு 800, போக வர டாக்சிக்கு 1,400 என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு வித்தியாசம் 600 ஷில்லிங். 20,000-ஐ 600-ஆல் வகுத்தால் 33 நாட்களுக்குச் சற்று மேல் வருகிறது. மாதத்தில் அத்தனை வேலைநாட்கள் இல்லை என்பதால், காரை விற்பவருக்கு டாக்சியே லாபம். காரை விற்காதவரோ ஒவ்வொரு டாக்சி நாளிலும் 600 ஷில்லிங் கூடுதலாகச் செலவழிப்பார்.

டாக்சிக் கட்டணத்தை ஒரே நாளில் பார்த்துக் குறித்துக்கொள்ளாதீர்கள். மழை பெய்யும் மாலையில் தேவை கூடி அது ஏறிவிடும் என்பதால், ஒரு வாரமாவது காலையிலும் மாலையிலும் செயலியைத் திறந்து பார்த்துச் சராசரி எடுங்கள். பயணத்தை ஏற்றுக்கொண்ட பின் ஓட்டுநர் ரத்து செய்வதும், செயலி காட்டியதைவிடக் கூடுதலாகக் கேட்பதும் உண்டு. அதற்காகச் சிறிது சேர்த்துக்கொள்வது நல்லது.

பார்க்கிங்கில் கவனிக்க வேண்டியது கட்டண முறை. மாவட்ட நிர்வாகத்தின் தெருவோர இடங்களுக்கு நாள் முழுவதற்கும் ஒரே கட்டணம். அரை மணி நேரம் நிறுத்தினாலும் அதே தொகைதான், கட்டாவிட்டால் சக்கரத்தைப் பூட்டிவிடுவார்கள். எனவே நாள் முழுவதும் அலுவலகத்தில் இருப்பவருக்கு அது கட்டுப்படியாகும். ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு வருபவர் டாக்சியில் வருவதே மேல். மணிக்கணக்கில் வசூலிக்கும் வணிக வளாகங்களில் இது தலைகீழாகும். 2013-இல் 140 ஷில்லிங்கிலிருந்து 300-க்கு உயர்ந்த தெருவோரக் கட்டணம், அதன் பிறகும் மாறியிருப்பதால், நடப்பு விகிதத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காரை விற்பவருக்கு இன்னும் சிக்கனமான வழி, காலையில் மட்டாட்டு எனப்படும் தனியார் சிற்றுந்தில் சென்று, இருட்டிய பிறகு திரும்பும்போது மட்டும் டாக்சி பிடிப்பது.