பாட்டுக்கு முன்னால் உரையை வைக்காதீர்கள்

ஆண்டுதோறும் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வரும் பி.எட். மாணவர்களின் தமிழ் வகுப்புகளைக் கடைசி பெஞ்சில் அமர்ந்து பார்ப்பது என் பணிகளில் ஒன்று. மார்த்தாண்டத்தை ஒட்டிய இந்தப் பள்ளியில் நான் சேர்ந்த புதிதில் செய்த தவறுகளை அவர்கள் ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். குரல் எட்டாமை, கரும்பலகையைப் பார்த்தே பேசுதல் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு மாதத்தில் தாமே சரியாகிவிடும்.

உரையை முந்திச் சொல்லுதல்

சென்ற வாரம் ஒரு பயிற்சி ஆசிரியை, செய்யுளை ஒருமுறைகூட வாசிக்காமல், அதன் பொழிப்புரையைப் பலகையில் எழுதிப்போட்டார். பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு யாரும் செய்யுள் இருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வந்த எரிச்சல் அவர் மீதானதன்று.

குறுந்தொகையின் 40ஆம் பாடலை நான் முதன்முறை வகுப்பில் எடுத்தபோது செய்ததும் இதுவேதான். ஐந்தே அடிகள் கொண்ட பாட்டு. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்போல இருவர் நெஞ்சமும் கலந்துவிட்டன என்று தலைவன் தலைவியிடம் சொல்வது. அந்த உவமையாலேயே பாடிய புலவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர். இவ்வளவையும் நானே சொல்லிமுடித்து, 'பிரிக்க முடியாத கலப்பு' என்று அடிக்கோடும் இட்டுவிட்டேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, "சார், எங்க வீட்டுப் பின்னால ரப்பர் விளையில இருந்து மழைத்தண்ணி செவப்பாத்தான் வரும். வாளியில பிடிச்சு வச்சா காலையில மண்ணு அடியில தங்கிரும், தண்ணி தெளிஞ்சிரும். அப்ப பிரிஞ்சுதானே போவுது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "வாளி பாட்டில் இல்லை, உட்கார்" என்றேன். அவள் அந்த ஆண்டு முழுவதும் வேறெதுவும் கேட்கவில்லை.

பல மாதங்கள் கழித்து, பாட்டின் பழைய கூற்றுக் குறிப்பை நிதானமாகப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு, அவளைத் தேற்றுவதற்காகத் தலைவன் சொன்னது இப்பாட்டு என்கிறது அக்குறிப்பு. அதாவது, மண் அடியில் தங்கிவிடுமே, நீர் தனியே தெளிந்துவிடுமே என்ற அந்த மாணவியின் ஐயமும் தலைவியின் அச்சமும் ஒன்றே. பாட்டின் உள்ளே நுழையும் வாசலை ஒரு பதினான்கு வயதுப் பெண் திறந்து காட்டியிருக்கிறாள்; கையில் விடை தயாராக இருந்த காரணத்தால் நான் அதைச் சாத்தினேன்.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில் பதம் பிரித்து இருமுறை வாசிக்கிறேன். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய் என்பதுபோல வழக்கொழிந்த சொற்களுக்கு மட்டும் பொருள் தருகிறேன். பிறகு யார் யாரிடம் பேசுகிறார்கள், எதற்காகப் பேச நேர்ந்தது என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். தாய்மார், தந்தையர், பிறகு நீயும் நானும் என்று முதல் மூன்று அடிகளும் இருவர் இருவராகவே நிறுத்துவதையும், மழை பெய்த பின்னரே நெஞ்சங்கள் கலப்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். இதற்கு ஒரு பாடவேளை முழுவதும் ஆகும். உரை மறுநாள் வரட்டும்.

அணியின் பெயரோடு நிறுத்துதல்

'இதில் உவமையணி பயின்று வந்துள்ளது' என்பது விடையின் முதல் வரி மட்டுமே. அந்த உவமை இல்லாவிட்டால் பாட்டு எதை இழக்கும் என்பது அடுத்த வரியில் வந்தாக வேண்டும்.

எல்லாப் பிழைகளையும் வட்டமிடுதல்

ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழை போதும். இந்த வாரம் ஒற்று, அடுத்த வாரம் ரகர றகரம்.

குறிப்புச்சட்டத்தைச் சிறையாக்குதல்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட பின், 'இயற்கைச் சீற்றம்' என்ற தலைப்பைக் கொடுத்து, முன்னுரை, புயல் உருவாகும் விதம், பாதிப்புகள், மீட்புப் பணி, முடிவுரை என்று சட்டமும் கொடுத்தேன். கடற்கரை ஊரிலிருந்து வரும் ஒரு மாணவனின் தந்தை பல நாள் கழித்தே கரை சேர்ந்திருந்தார். அவன் கட்டுரையோ 'இயற்கை நம் அன்னை' என்று தொடங்கி, மரம் நடுவோம் என்று முடிந்தது. ஏறத்தாழ எல்லாத் தாள்களும் அப்படித்தான் இருந்தன. அடுத்த வாரம் சட்டத்தை எடுத்துவிட்டு, நீ கண்ட ஒரு மணி நேரத்தை மட்டும் எழுது என்றேன். தொலைவில் தெரிந்த ஒவ்வொரு படகின் நிறத்தையும் கரையில் நின்ற பெண்கள் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதியிருந்தான். முன்னுரை, முடிவுரை ஆகியவற்றை அதற்கு மேல்தான் கற்றுக்கொடுத்தேன். பொதுத்தேர்வுக்கு அவையும் வேண்டும்.

வட்டார வழக்கைக் கேலி செய்தல்

கூடவே கூடாது. 'செவப்பு' என்று பேசுகிறவரிடம், எழுதும்போது 'சிவப்பு' என்று சொன்னால் போதும்.

வாசிப்பவரை நடுவில் நிறுத்தித் திருத்துதல்

வாசித்து முடியட்டும்.