அமெரிக்கப் பள்ளியில் ஐஈபி கேட்டு வாங்குவது எப்படி?

ஐஈபி (IEP) என்பது குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பள்ளி தர வேண்டிய சிறப்புக் கல்வியை எழுதி வைக்கும் தனித் திட்டம். அதற்கு முதல் படி, பள்ளி பிள்ளையை மதிப்பீடு செய்வது. பிள்ளைக்கு வாசிப்பு ஏறவில்லை, பேச்சு சரியாக வரவில்லை, வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்று தெரிந்ததும் நம்மவர்கள் பெரும்பாலும் செய்வது, பள்ளி விடும் நேரத்தில் டீச்சரைப் பிடித்துப் பேசுவது. அவரும் அன்பாகக் கேட்டுவிட்டு "கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்பார். டீச்சரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன என்று நாமும் திரும்பிவிடுவோம். பேசுவதில் தப்பில்லை, ஆனால் அந்தப் பேச்சால் பள்ளிக்கு எந்தக் கெடுவும் தொடங்காது. எழுதிக் கேட்டால்தான் கணக்கு.

எனவே பிரின்சிபாலுக்கும் மாவட்ட ஸ்பெஷல் எஜுகேஷன் அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பக்கம் பக்கமாக வேண்டாம். "என் மகன் இரண்டாம் வகுப்பு. மூன்றெழுத்துச் சொல்லைக்கூட எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான், புத்தகத்தை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான். ஐடியா சட்டப்படி அவனை முழுமையாக மதிப்பீடு செய்யக் கேட்கிறேன், ஒப்புதல் படிவத்தை அனுப்புங்கள்." இவ்வளவு போதும் (ஐடியா, IDEA என்பது குறைபாடு உள்ள பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்கச் சட்டம்). இதைக் கேட்க டாக்டர் சீட்டு தேவையில்லை, குறைபாட்டின் பெயரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும் (சில மாநிலங்களுக்குச் சொந்தக் கெடு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்). முடியாது என்றால் ஏன் என்று பள்ளி எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் காகிதத்தின் பெயர் பிரையர் ரிட்டன் நோட்டீஸ். இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே சில இடங்களில் பேச்சின் தொனி மாறும்.

தட்டிக்கழிக்கும் பதில்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வரும். "நல்ல மார்க்தானே வாங்குகிறான்" என்பார்கள். மார்க் வாங்கி வகுப்பு ஏறினாலும் தகுதி உண்டு என்று விதியே இருக்கிறது. "முதலில் வகுப்பிலேயே கூடுதல் உதவி கொடுத்துப் பார்க்கிறோம்" என்பார்கள். கொடுக்கட்டும், ஆனால் அதைச் சாக்காக வைத்து மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்திய கல்வித் துறை 2011லேயே சொல்லிவிட்டது. அப்புறம் நமக்கென்றே ஒன்று: "வீட்டில் தமிழ் பேசுவதால் குழம்புகிறான்." இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குறைபாடு வருவதில்லை, தமிழை நிறுத்தாதீர்கள். முடிந்தவரை பிள்ளைக்குத் தெரிந்த மொழியில்தான் சோதிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது.

தகுதி உண்டு என்று முடிவானால் 30 நாளுக்குள் ஐஈபி மீட்டிங். மதிப்பீட்டு அறிக்கையையும் வரைவையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அவரவர் துறை மொழியில் பேசும்போது புதிதாகப் படிப்பது நடக்காத காரியம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும், பிள்ளையை நன்கு அறிந்த ஒருவரை நீங்களும் கூட்டிப் போகலாம்.

மீட்டிங்கில் உங்கள் கண் இருக்க வேண்டிய இடம், இலக்குகள். "வாசிப்பில் முன்னேற்றம் காண்பான்" என்று எழுதியிருந்தால் அது இலக்கே இல்லை, ஒரு சொல் கூடுதலாக வாசித்தாலும் முன்னேற்றம்தானே! "இப்போது நிமிடத்துக்கு 22 சொல் வாசிக்கிறான், மே மாதத்துக்குள் இரண்டாம் வகுப்புப் பத்தியில் 60 சொல், ஐந்து முறையில் நான்கு முறை" என்று இருந்தால்தான் நடந்ததா இல்லையா என்று பார்க்க முடியும். சேவையும் அப்படித்தான். "தேவைப்படும்போது ஸ்பீச் தெரபி" என்றால் வராமலே போகலாம். வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா என்று எழுதச் சொல்லுங்கள். ஆள் இல்லை, பட்ஜெட் இல்லை என்பது பிள்ளையின் தேவையைக் குறைக்கும் காரணம் ஆகாது. பெயருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தால் போதும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றமே 2017இல் என்ட்ரூ எஃப். வழக்கில் ஏற்கவில்லை.

அன்றே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. "வீட்டில் படித்துவிட்டு அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள், ஆனால் எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் ஐஈபி உங்கள் ஒப்புதல் இல்லாமல் தொடங்காது என்றாலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் பல மாநிலங்களில் நீங்கள் சும்மா இருந்தாலே அது அமலுக்கு வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்று நான்கு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

பள்ளியின் மதிப்பீடே சரியில்லை என்று தோன்றினால், பள்ளிச் செலவில் வெளியாள் மதிப்பீடு கேட்கலாம். பள்ளி ஒன்று பணம் கட்ட வேண்டும், இல்லை தன் மதிப்பீடு சரி என்று விசாரணைக்குப் போக வேண்டும். ஐஈபிக்குத் தகுதி இல்லை என்றாலும் 504 திட்டம் (சிறப்புக் கல்வி இல்லாவிட்டாலும் கூடுதல் நேரம் போன்ற வகுப்பு வசதிகளைத் தருவது) கிடைக்குமா என்று கேட்காமல் விடாதீர்கள். பேச்சு முற்றினால் பேரன்ட் சென்டரை (இப்படிப்பட்ட பெற்றோருக்கு வழிகாட்டும் அமைப்பு) கூப்பிடுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒன்று உண்டு, இலவசம். மாநிலக் கல்வித் துறையில் புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை, ஆனால் நடந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஐஈபி கைக்கு வந்த பிறகு முன்னேற்ற அறிக்கைகளை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். 22 சொல் 24லேயே நின்றால், ஆண்டு மீட்டிங் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இடையிலேயே ஒரு மீட்டிங் கேட்கலாம். அதையும் மின்னஞ்சலில்தான்.