பொலிகாளை வாங்குமுன் சோதனைத் தாளைக் கேளுங்கள்

இறைச்சி மாட்டு மந்தைக்குப் பொலிகாளை பார்க்கும்போது உடல்கட்டு, எடை எல்லாம் எனக்கு அப்புறம்தான். முதலில் கேட்பது மரபணுச் சோதனை முடிவை. காளை பளபளவென்று நிற்கிறது, பேர்போன வம்சம் என்பதெல்லாம் என்னிடம் எடுபடாது. 2008-இல் அமெரிக்க ஆங்கஸ் மாடுகளில் ‘சுருள் கன்று’ நோய் தெரியவந்தது. முதுகெலும்பு முறுக்கி, கால்கள் விறைத்து, கன்றுகள் செத்தே பிறந்தன. வம்சாவளியைப் புரட்டினால் அப்பன்வழி, அம்மாவழி இரண்டும் ஜிஏஆர் பிரிசிஷன் 1680 என்ற காளையிடம் போய் நின்றன. எல்லாரும் விரும்பி விந்துக் குச்சி (சினை ஊசிக்கான உறைவிந்து) வாங்கிய காளை அது. பார்வைக்கு ஒரு குறையும் கிடையாது.

இப்படிப்பட்ட பிறவி நோய்களில் பெரும்பாலானவை ஒடுங்கு மரபணுவால் வருபவை; அதாவது தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். பழுதான பிரதி ஒன்று மட்டும் இருந்தால் மாடு கேரியர், நன்றாகவே இருக்கும். இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நோயில்லாமல் பிறக்கும் கன்றுகளிலும் மூன்றில் இரண்டு கேரியர் என்பதுதான் கணக்கு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் சுத்தமாக இருந்தால் அந்த நோய்க் கன்று பிறக்காது. பாதிக் கன்றுகள் கேரியராகலாம், அவ்வளவுதான்.

எதைச் சோதிப்பது என்பது இனத்தைப் பொறுத்தது. ஆங்கஸ் ரத்தம் இருந்தால் சுருள் கன்று, தலையில் நீர் கோக்கும் நோய் இரண்டையும் கட்டாயம் பாருங்கள். ஷார்ட்ஹார்ன், மெயின்-ஆஞ்சூ இனங்கள் என்றால் டிஎச் (பின்னங்கால் எலும்பு சரியாக வளராத நோய்), பிஎச்ஏ (நுரையீரல் வளராமல், உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்). கலப்பு மந்தைக்கு இரண்டு பக்கத்துப் பட்டியலும் வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் கவனம் தேவை. வால் குஞ்சத்தில் சாணம் ஒட்டாத, காய்ந்த இடமாகப் பார்த்துப் பத்துப் பத்து முடியாக விரலில் சுற்றி, வெடுக்கென்று இழுங்கள். கத்தரிக்கோல் உதவாது, டிஎன்ஏ இருப்பது வேரில். வெளிச்சத்தில் பிடித்தால் நுனியில் குட்டிக் குமிழ் தெரிய வேண்டும். முப்பது, நாற்பது முடி சேர்ந்ததும் காகித உறையில் போட்டு, அங்கேயே காதுத் தோடு எண்ணை எழுதிவிடுங்கள். இரட்டைக் கன்றாக இருந்தால் ரத்தம் அனுப்பாதீர்கள். கருவிலேயே இரண்டின் ரத்தமும் கலந்திருக்கலாம், முடிவு குழம்பிவிடும். முடியோ காதுத் திசுவோதான் சரி.

பணம் இறுக்கமாக இருந்தால் பசுக்களை விட்டுவிட்டுக் காளைகளை மட்டும் சோதியுங்கள். முன்பெல்லாம் ஒரு காளையைச் சந்தேகமறத் தெரிந்துகொள்ள அதன் மகள்கள் 35 பேரோடு இணைசேர்த்துக் கன்றுக்காகக் காத்திருப்பார்கள். இப்போது ஒரு கைப்பிடி முடி போதும்.

கோணலான கன்று பிறந்தால் உடனே மரபணு மேல் பழி போடாதீர்கள். சினைக்காலத்தில் அகபானே வைரஸ் தாக்கினாலும் இதே கோலத்தில் பிறக்கும். படம் எடுத்து, காதுத் துண்டை உறைபெட்டியில் வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். தாய், தகப்பன் இரண்டின் முடியும் கூடவே போகட்டும்.

கேரியர் என்று வந்ததும் நல்ல பசுவை விற்றுத் தொலைக்க வேண்டியதில்லை. சுத்தமான காளையோடு சேருங்கள். ஆண் கன்றுகளைக் காயடித்து இறைச்சிக்கு அனுப்பலாம். கிடாரியை வளர்ப்புக்கு நிறுத்துவதாக இருந்தால் மட்டும், முதல் சினைக்கு முன் அதன் வால்முடியையும் அனுப்பிவிடுங்கள்.