வெல்டிங் ராட் ஒட்டிக்கொள்கிறதா? மெஷினை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மழையில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கேட், கிரில் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் முதல் தொல்லை, ராட் ஒட்டிக்கொள்வது. உடனே ஆம்ப்ஸை (மெஷின் தரும் கரண்ட் அளவை) கூட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் ராடில் ஏறிய ஈரமோ, வேலை செய்யும் இரும்பில் மாட்டும் எர்த் கிளாம்ப்போதான்.

எர்த்தை முதலில் பாருங்கள். கிளாம்ப் கடிக்கும் இடத்தில் பெயிண்ட், துரு போய் இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். பிறகு மெஷினுக்குக் கரண்ட் கொண்டுவரும் ஒயர். மெல்லிய ஒயரை முற்றம் தாண்டி நீளமாக இழுத்தால் வோல்டேஜ் இறங்கிவிடும், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போடுங்கள், சுருளை முழுக்கப் பிரித்துவிட்டு. இவை சரியென்றால் மட்டும் ஆம்ப்ஸைத் தொடுங்கள். கேட், கிரில் வேலைக்கான சாதாரண 6013 ராடில் 12 நம்பருக்கு (2.5 மி.மீ.) 60–90 ஆம்ப்ஸ், 10 நம்பருக்கு (3.15 மி.மீ.) 90–130 ஆம்ப்ஸ்.

வெல்டில் ஊசித் துளைகள் விழுந்தால் ஈரம், துரு, எண்ணெய், இல்லையென்றால் ராடைத் தூக்கிப் பிடிப்பது. இடைவெளி ராடின் கம்பித் தடிமனைத் தாண்டக் கூடாது. ஓரம் அரித்துப் பள்ளமானால் ஆம்ப்ஸ் அதிகம். கசடு (ராடின் பூச்சு உருகி வரும் கழிவு) உள்ளே மாட்டினால் ஆம்ப்ஸ் குறைவு, அல்லது கசடு உருகலை முந்தி ஓடுகிறது. ராடைச் சற்றுச் சாய்த்து இழுத்து வாருங்கள். பழைய வீட்டு வார்ப்பிரும்புத் தூணில் மட்டும் 6013 வைக்காதீர்கள், பக்கத்திலேயே விரிசல் விடும்.

ஈரமான ராடைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக. பூச்சின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, உள்கம்பி துருப்பிடித்திருந்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். மற்ற 6013 ராடுகளை 100–120 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்தால் தேறும். வெயில் சூடு அதற்குப் போதாது. சிலர் ராடை இரும்பில் ஒட்டவிட்டுச் சிவக்க வைப்பார்கள். பூச்சு வெடித்து உதிரும், அதைச் செய்யாதீர்கள்.

வீட்டில் வைக்க 3 அங்குல பி.வி.சி. குழாயை 400 மி.மீ. நீளம் வெட்டி, ஒரு முனையில் மூடியை ஒட்டி, மறுமுனைக்குத் திருகு மூடி போடுங்கள். 350 மி.மீ. ராட் தாராளமாக நிற்கும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை. இந்தக் குழாய் ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே நனைந்த ராடைக் காயவைக்காது. குழாயைத் தரையில் வைக்க வேண்டாம்; முற்றத்துச் சாரல் எட்டாத அறையில் பலகை மேல் வையுங்கள். பாக்கெட்டை அன்றைய வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் பிரியுங்கள்.

7018 (ஈரமே ஆகாத இன்னொரு வகை ராட்) வேறு கணக்கு. பாக்கெட்டைப் பிரித்தபின் 120 டிகிரிக்குக் குறையாத ராட் அவனில்தான் (ராடைச் சூடாக வைக்கும் மின் அடுப்பில்) இருக்க வேண்டும்; ஈரமேறினால் 300 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். சமையலறை அவன் அந்தச் சூட்டை எட்டாது. கேட், ஜன்னல் வேலைக்கு 6013 போதும். 7018 கட்டாயம் வேண்டுமென்றால் காற்றுப் புகாத சிறு பாக்கெட்டாக வாங்கி, பிரித்த அன்றே முடித்துவிடுங்கள்.